ஒரே எம்எஃப்ஐ, ரெண்டு வேற பிளாஸ்டிக்: கிளைகள் பார்க்கும் வேலை

ரெண்டு மூட்டை பாலிஎத்திலீன் கிரானுல்ஸ் உங்க முன்னாடி இருக்குன்னு வச்சுக்கங்க. ஒண்ணு எல்டிபிஇ, இன்னொண்ணு எல்எல்டிபிஇ. ரெண்டு டேட்டா ஷீட்டிலும் மெல்ட் ஃப்ளோ இண்டெக்ஸ் 2 என்றுதான் போட்டிருக்கிறது. அடர்த்தியும் கிட்டத்தட்ட ஒன்றுதான், 0.92. கையில் அள்ளிப் பார்த்தால் எது எதுன்னு சொல்ல முடியாது.

இப்போ ரெண்டையும் எல்டிபிஇ-க்காகவே வடிவமைத்த ஒரு பழைய ப்ளோன் ஃபிலிம் மெஷினில் போடுங்க. எல்டிபிஇ போட்டால் பபிள் ஆடாமல் அசையாமல் மேலே ஏறும். எல்எல்டிபிஇ-க்கு மாறியதும் மோட்டாரின் ஆம்பியர் ஏறும், பபிள் தள்ளாடும், வேகத்தைக் கூட்டினால் ஃபிலிம் மேற்பரப்பு சுறாத்தோல் மாதிரி சொரசொரப்பாகிவிடும். எம்எஃப்ஐ ஒன்று, அடர்த்தி ஒன்று, ரெண்டுமே கார்பனும் ஹைட்ரஜனும் மட்டும்தான். பின்ன ஏன் இப்படி?

வைவாவில் "எம்எஃப்ஐ அதிகமானால் விஸ்காசிட்டி குறையும்" என்று சொல்லித் தப்பித்துவிடலாம். அது பொய்யில்லை. ஆனால் மேலே இருக்கும் கேள்விக்கு அதில் பதில் இல்லை. பதில், சங்கிலியின் வடிவத்தில் இருக்கிறது.

முதலில் எம்எஃப்ஐ மெஷின் உண்மையில் எதை அளக்கிறது என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். லேபில் அட்டவணையை நிரப்பிவிட்டு வந்துவிடுகிறோம், இந்தக் கணக்கை யாரும் போடச் சொல்வதில்லை. பாலிஎத்திலீனுக்கு 190 டிகிரி செல்சியஸ், 2.16 கிலோ எடை, 2.095 மில்லிமீட்டர் துளை, 8 மில்லிமீட்டர் நீளமுள்ள டை. 10 நிமிஷத்தில் எத்தனை கிராம் வெளியே வருகிறதோ அதுதான் எம்எஃப்ஐ. எடை மாறாததால் அழுத்தமும் மாறாது. பிஸ்டனின் பரப்பளவை வைத்துக் கணக்கிட்டால் டையின் சுவரில் ஷியர் ஸ்ட்ரெஸ் சுமார் 19 கிலோபாஸ்கல் வரும். எந்த மெட்டீரியலைப் போட்டாலும் இதே 19 தான். எம்எஃப்ஐ 2 என்றால் ஷியர் ரேட் ஒரு செகண்டுக்கு சுமார் 5. ஒன்றை ஒன்றால் வகுத்தால் விஸ்காசிட்டி ஏறக்குறைய 4,000 பாஸ்கல் செகண்ட்.

ஆக, நம்ம ரெண்டு மூட்டையும் ஒத்துப்போவது இந்த ஒரே ஒரு புள்ளியில். எக்ஸ்ட்ரூடரின் டையில் ஷியர் ரேட் சில நூறுகளுக்குப் போகும். இஞ்செக்ஷன் மோல்டிங்கில் ஆயிரங்களைத் தாண்டும். பபிளாக ஊதும்போது நடப்பது ஷியரே இல்லை, இழுவை. இந்த இடங்களைப் பற்றி எம்எஃப்ஐ வாயே திறக்காது.

இப்போ சங்கிலிக்கு வருவோம்.

1933-இல் இங்கிலாந்தின் வின்னிங்டனில், ஐசிஐ நிறுவன லேபில், ஃபாசெட், கிப்சன் என்ற இருவர் எத்திலீனையும் பென்சால்டிஹைடையும் மிக உயர்ந்த அழுத்தத்தில் சேர்த்துப் பார்த்தார்கள். எதிர்பார்த்த வினை நடக்கவில்லை, பாத்திரத்தில் மெழுகு மாதிரி வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. அதுதான் முதல் பாலிஎத்திலீன். இன்று நாம் எல்டிபிஇ என்று சொல்வது அந்த வழியில் வந்ததுதான். ஃப்ரீ ராடிக்கல் வினை என்பதால் அதற்கு ஒழுக்கம் கிடையாது. வளர்ந்துகொண்டிருக்கும் முனை திரும்பித் தன் முதுகையே கடித்தால் நாலு கார்பன் அளவுக்குச் சின்னக் கிளை உருவாகும். ஏற்கெனவே வளர்ந்து முடிந்த இன்னொரு சங்கிலியின் நடுவிலிருந்து ஹைட்ரஜனைப் பிடுங்கினால், அந்த இடத்திலிருந்து ஒரு நீளமான கிளை கிளம்பும். கிளையிலிருந்தும் கிளை முளைக்கும். கடைசியில் மரம் மாதிரி ஒரு மூலக்கூறு.

இருபது வருஷம் கழித்து, 1953-இல், ஜெர்மனியில் கார்ல் ஜீக்லர் ஒரு வினையூக்கியைக் கண்டுபிடித்தார். அதில் சங்கிலி நேராக வளர்கிறது. அது எச்டிபிஇ-க்கு வழிவிட்டது. அதே வகை வினையில் கொஞ்சம் பியூட்டீன், ஹெக்ஸீன் அல்லது ஆக்டீன் சேர்த்தால் நேர் சங்கிலியில் அங்கங்கே குட்டிக் கிளைகள் நீட்டிக்கொண்டிருக்கும். அது எல்எல்டிபிஇ.

இங்கேதான் பலருக்கும் குழப்பம் வரும். எல்எல்டிபிஇ-யிலும் கிளை இருக்கே, அப்புறம் ஏன் அதை "லீனியர்" என்கிறோம்? ஏனென்றால் குட்டிக் கிளைகள் செய்யும் வேலை வேறு. அவை படிகமாக அடுக்குவதைக் கெடுக்கும், அடர்த்தியைக் குறைக்கும், உருகும் வெப்பநிலையை இறக்கும். எல்லாமே திட நிலை சமாச்சாரம். உருகிய பிறகு அவை சங்கிலியின் மேலிருக்கும் ரோமம் மாதிரி. ஓட்டத்தைப் பெரிதாகப் பாதிக்காது. ஓட்டத்தை மாற்றுவது நீளக் கிளை மட்டும்தான். எவ்வளவு நீளம் இருந்தால் "நீளம்"? அடுத்த சங்கிலிகளோடு சிக்கிக்கொள்ளும் அளவுக்கு இருக்க வேண்டும். பாலிஎத்திலீனில் ஒரு சிக்குக்கும் அடுத்த சிக்குக்கும் நடுவே உள்ள துண்டின் மூலக்கூறு எடை சுமார் 1,000. அதாவது எழுபது கார்பன் சொச்சம். நாலு கார்பன், ஆறு கார்பன் கிளை எல்லாம் இந்தக் கணக்கிலேயே வராது.

சிக்கிக்கொண்ட சங்கிலி எப்படி நகர்கிறது? தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை ரங்கநாதன் தெருவை நினைச்சுக்கங்க. பத்துப் பேர் கொண்ட ஒரு குடும்பம் கையைக் கோர்த்துக்கொண்டு வரிசையாகப் போகிறது. பக்கவாட்டில் ஒரு அடி கூட நகர முடியாது. ஆனால் முன்னால் போகிறவர் கண்ட இடைவெளியில் நுழைந்தால் மீதிப் பேர் அதே தடத்தில் ஊர்ந்து வந்துவிடலாம். பாம்பு மாதிரி. சங்கிலியைச் சுற்றி அதன் அண்டைச் சங்கிலிகள் ஒரு குழாய் போல அமைந்திருக்கின்றன என்ற படத்தை சாம் எட்வர்ட்ஸ் கொடுத்தார். அந்தக் குழாய்க்குள் சங்கிலி ஊர்ந்து வெளியேறுகிறது என்று 1971-இல் பியர் கில் டி ஜென் எழுதினார். ரெப்டேஷன் என்ற பெயர் அங்கிருந்து வந்தது. நேர் சங்கிலியின் விஸ்காசிட்டி மூலக்கூறு எடையின் 3.4 அடுக்குக்கு ஏற்ப உயர்கிறது என்பது சோதனையில் கண்ட விஷயம். எடையை இரண்டு மடங்காக்கினால் விஸ்காசிட்டி சுமார் 10.6 மடங்காகும். நிறையத்தான், ஆனால் கணக்குக்குள் அடங்குகிற அளவு.

இப்போ மூன்று வரிசைகள், மூன்றின் ஒரு முனையும் ஒரே ஆளின் கையில். அதே கூட்டம். இந்தக் கும்பல் எப்படி ஊரும்? ஒரு வரிசை முன்னே இழுத்தால் மற்ற ரெண்டும் அவரவர் சந்தில் மாட்டிக்கொண்டு பின்னே இழுக்கும். நடுவில் இருப்பவர் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டியதுதான். பாம்பு வித்தை இங்கே செல்லாது. ஒரே வழி, ஒரு வரிசையின் கடைசி ஆள் வந்த வழியே பின்வாங்கி, மொத்த வரிசையும் நடு ஆளிடம் வந்து சுருண்டு, பிறகு வேறொரு சந்தில் புதிதாக நீள வேண்டும். அப்போதுதான் நடு ஆள் ஒரு அடி நகர முடியும்.

நட்சத்திர வடிவப் பாலிமரில் நடப்பது அச்சு அசல் இதுதான். கை தன் குழாயின் வழியே மையம் வரை பின்வாங்க வேண்டும். யாரும் அதைத் தள்ளுவதில்லை, வெப்ப அசைவில் தற்செயலாக நடக்க வேண்டும். கொஞ்சம் பின்வாங்குவது சுலபம், முழுசாகப் பின்வாங்குவது அரிது. கையில் எத்தனை சிக்குகள் இருக்கிறதோ அதற்கேற்ப வாய்ப்பு எக்ஸ்பொனென்ஷியலாகக் குறையும். அடுக்கில் வரும் எண் ஒரு சிக்குக்கு ஏறக்குறைய அரை. கணக்குப் போடுங்க: கையில் 10 சிக்கு இருந்ததை 20 ஆக்கினால் விஸ்காசிட்டி சுமார் 150 மடங்கு. 20-ஐ 40 ஆக்கினால் சுமார் 22,000 மடங்கு. நேர் சங்கிலியில் ரெண்டு தடவையும் அதே 10.6 தான்.

இன்னொரு விஷயம், எனக்கு இந்தப் பாடத்திலேயே பிடித்தது. பாலிஐசோப்ரீன், பாலிபியூட்டடையீன் நட்சத்திரங்களைச் சுத்தமாகச் செய்து அளந்தவர்கள் கண்டது: விஸ்காசிட்டியைத் தீர்மானிப்பது கையின் நீளம், கைகளின் எண்ணிக்கை அல்ல. நாலு கையா, பன்னிரண்டு கையா என்பது பெரிதாகக் கணக்கில் வரவில்லை. மொத்த மூலக்கூறு எடை மூன்று மடங்காகியும் ஓட்டம் ஏறக்குறைய அப்படியே. மூலக்கூறு எடையை மட்டும் பார்த்து ஓட்டத்தைச் சொல்ல முடியாது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

அதுக்காக "கிளை இருந்தால் விஸ்காசிட்டி கூடும்" என்று மனப்பாடம் பண்ணிடாதீங்க. கை குட்டையாக, ஒரு சிக்குக்கும் போதாத நீளமாக இருந்தால் நேர்மாறாக நடக்கும். ஒரே எடையுள்ள நேர் சங்கிலியைவிடக் கிளைச் சங்கிலி சின்னப் பந்தாகச் சுருண்டிருக்கும். ஸிம், ஸ்டாக்மேயர் இருவரும் 1949-இல் போட்ட கணக்குப்படி, மூன்று சம கைகள் கொண்ட நட்சத்திரத்தின் சுழல் ஆரத்தின் வர்க்கம் நேர் சங்கிலியினதில் ஒன்பதில் ஏழு பங்கு. பந்து சின்னது, அண்டையோடு மாட்டிக்கொள்வது குறைவு, ஆகவே சுலபமாக ஓடும். கை நீள நீள எக்ஸ்பொனென்ஷியல் ஜெயித்து, நேர் சங்கிலியை முந்திவிடும்.

தளர்வு, அதாவது ரிலாக்சேஷன், எப்படி நடக்கிறது என்று இப்போது பார்த்துவிடலாம். உருகிய பிளாஸ்டிக்கைச் சட்டென்று ஒரு சின்ன அளவு நகர்த்திவிட்டு அப்படியே பிடித்துக்கொள்ளுங்க. உள்ளே ஏறிய ஸ்ட்ரெஸ் மெல்ல இறங்கும். எல்லாச் சங்கிலியும் ஒரே நீளமுள்ள நேர் சங்கிலியாக இருந்தால் கொஞ்ச நேரம் சமமாக நின்று, பிறகு ஏறக்குறைய ஒரே நேரத்தில் விழும். குழாயை விட்டு வெளியேற எடுக்கும் நேரம் எல்லோருக்கும் ஒன்றுதானே. கிளைச் சங்கிலியில் அப்படி ஒரு ஒற்றை நேரமே கிடையாது. கையின் நுனி உடனே தளர்ந்துவிடும். அதற்கு அடுத்த பகுதி பல மடங்கு தாமதமாக. மையத்தை நெருங்க நெருங்க ஒவ்வொரு துண்டுக்கும் நேரம் பெருகிக்கொண்டே போகும். மரத்தில் இலை ஆடுவதற்கும் அடிமரம் அசைவதற்கும் உள்ள வித்தியாசம்.

இதில் ஒரு நல்ல காரியமும் நடக்கிறது. ஏற்கெனவே தளர்ந்துவிட்ட நுனிகள் இனி யாரையும் பிடித்துவைப்பதில்லை. இன்னும் தளராத உள்பகுதிகளுக்கு அவை வெறும் கரைப்பான் மாதிரி. கூட்டம் கலையக் கலையத் தெருவில் சந்து அகலமாவது போல குழாயும் அகலமாகும். இதை டைனமிக் டைல்யூஷன் என்பார்கள். இது மட்டும் இல்லையென்றால் அடுக்கில் நான் சொன்ன அரை இன்னும் பெரிய எண்ணாக இருந்திருக்கும், நீளக்கை நட்சத்திரங்கள் நம் வாழ்நாளில் ஓடாது. எல்டிபிஇ போன்ற கிளைமேல் கிளை மரங்களில் இதே கதை படிப்படியாக உள்ளே போகும்: வெளிக்கிளை தளர்ந்த பிறகே அது முளைத்த கிளைக்கு விடுதலை, அது தளர்ந்த பிறகே அதற்கும் உள்ளே இருப்பதற்கு.

நம்ம ரெண்டு மூட்டைக்குத் திரும்புவோம். எல்டிபிஇ-யில் நீண்ட தளர்வு நேரங்கள் இருப்பதால், மிக மெதுவாக ஓட்டும்போது அதன் விஸ்காசிட்டி எல்எல்டிபிஇ-யைவிட அதிகம். அதே காரணத்தால் ஷியர் தின்னிங்கும் சீக்கிரம் தொடங்கிவிடும். சங்கிலி தளர்வதற்குள் ஓட்டம் அதைச் சாய்த்துவிடுகிறதே. எல்எல்டிபிஇ-யின் கோடு நெடுநேரம் தட்டையாக வந்து பிறகுதான் இறங்கும். ரெண்டு கோடும் குறுக்கே வெட்டிக்கொள்ளும் இடம் நம்ம உதாரணத்தில் ஷியர் ரேட் 5, அதாவது எம்எஃப்ஐ மெஷின் நிற்கிற இடம். அதற்கு வலது பக்கம், எக்ஸ்ட்ரூடர் வேலை செய்யும் சில நூறுகளில், எல்எல்டிபிஇ தான் கெட்டி. மோட்டார் ஆம்பியர் ஏறியதன் காரணம் இதுதான். எல்எல்டிபிஇ-க்கு டையின் இடைவெளியை அகலமாக வைப்பதும் இதற்காகவே.

பபிள் தள்ளாடியது? அதற்கு இழுவையைப் பார்க்க வேண்டும். சீமைக் கருவேல முள்ளை வெட்டிக் குவித்திருப்பதைப் பார்த்திருப்பீங்க. அதிலிருந்து ஒரு கிளையைப் பிடித்து இழுத்தால் கிளை மட்டும் வராது, குவியலே கூட வரும். பக்கத்தில் சவுக்குக் கம்புகளை அடுக்கியிருந்தால் ஒன்றை மட்டும் உருவிவிடலாம்.

ரெண்டு முனையிலும் பல கைகள் கொண்ட ஒரு முதுகெலும்புச் சங்கிலியை எடுத்துக்கங்க. மெல்ட்டை வேகமாக இழுக்கும்போது ரெண்டு பக்கக் கைகளும் சிக்கில் நங்கூரம் போட்டு நிற்கின்றன, நடுவில் முதுகெலும்பு விறைத்து நீள்கிறது. எத்தனை கைகள் நங்கூரம் போட்டனவோ அத்தனை கைகளின் இழுவிசையையும் அது தாங்கும். அதையும் தாண்டினால்தான் கிளைப்புள்ளியே குழாய்க்குள் இழுபட்டு உள்ளே போகும். 1998-இல் லீட்ஸின் டாம் மெக்லீஷும் மிச்சிகனின் ரொனால்ட் லார்சனும் வெளியிட்ட பாம்-பாம் மாடல் சொல்வது இவ்வளவுதான். ஓட்டத்துக்குக் கையின் எண்ணிக்கை பெரிதில்லை என்று பார்த்தோம் அல்லவா, இழுவையில் எண்ணிக்கைதான் எல்லை போடுகிறது.

இந்த மாடலுக்கு ரொம்ப முன்னாடியே, 1970களின் தொடக்கத்தில், ஜெர்மனியில் ஜோவாகிம் மைஸ்னர் எல்டிபிஇ மெல்ட்டைச் சீரான வேகத்தில் இழுத்து அளந்திருந்தார். இழுக்க இழுக்க மெல்ட் இறுகியது. ஸ்ட்ரெய்ன் ஹார்டனிங் என்று பாடப்புத்தகத்தில் வருவது இதுதான். பபிளுக்கு இதனால் என்ன லாபம்? பபிளில் ஏதோ ஒரு இடம் தற்செயலாக மெலிந்தால் அந்த இடம் மற்ற இடங்களைவிட அதிகமாக இழுபடும். எல்டிபிஇ-யில் அதிகமாக இழுபட்ட இடம் அதிகமாக இறுகும், ஆகவே மேற்கொண்டு மெலியாது. தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும். எல்எல்டிபிஇ-யில் மெலிந்த இடம் மேலும் மெலியும். அதனால்தான் ஃபிலிம் தொழிலில் எல்எல்டிபிஇ-யோடு கொஞ்சம் எல்டிபிஇ கலக்கிறார்கள். காலையில் வீட்டுக்கு வரும் பால் பாக்கெட்டின் ஃபிலிம்கூட ரெண்டும் கலந்ததுதான் வழக்கம்.

எல்டிபிஇ-யே ஒசத்தி என்று நினைச்சுடாதீங்க. இறுகும் குணம் இருப்பதாலேயே அதை ரொம்ப மெல்லியதாக இழுக்க முடியாது, அறுந்துவிடும். எல்எல்டிபிஇ மெல்லியதாகவும் இழுபடும், ஃபிலிமான பிறகு கிழியாமல் குத்தலையும் தாங்கும்.

இறுதியாண்டு புராஜெக்ட்டில் பழைய பிளாஸ்டிக்கை மறுசுழற்சி செய்கிறவர்கள் இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்க. எக்ஸ்ட்ரூடரில் அஞ்சு தடவை ஓட்டி ஒவ்வொரு தடவையும் எம்எஃப்ஐ எடுத்து ஒரு கிராஃப் போடுவது வழக்கமான புராஜெக்ட். பாலிப்ரொப்பிலீனில் எம்எஃப்ஐ ஏறும், ஏனென்றால் சங்கிலி அறுகிறது. பாலிஎத்திலீனில் பல சமயம் எம்எஃப்ஐ இறங்கும். அதைப் பார்த்துவிட்டு "சிதைவு இல்லை, தரம் கூடியிருக்கு" என்று முடிவுரை எழுதுவது அபாயம். அங்கே நடப்பது பெரும்பாலும் சங்கிலிகள் ஒன்றோடொன்று ஒட்டி நீளக் கிளைகள் உண்டாவது. மெட்டீரியல் மாறிவிட்டது. அதை ஒரு சின்ன யூனிட் வாங்கி அதே செட்டிங்கில் ஃபிலிம் இழுத்தால் நடுவில் அறுந்து ரோல் வீணாகும், நஷ்டம் அவர்கள் தலையில்.

ரியோமீட்டர் இல்லாத லேபில் கிளையை எப்படிக் கண்டுபிடிப்பது? எம்எஃப்ஐ மெஷினையே வைத்துச் சில வேலைகள் செய்யலாம்.

எளிதானது, வெளியே வரும் இழையின் தடிமனை அளப்பது. எம்எஃப்ஐ 2 உள்ள மெல்ட் டையைக் கடக்க எடுக்கும் நேரம் சுமார் 6 செகண்ட். அகலமான பேரலிலிருந்து சின்னத் துளைக்குள் நுழையும்போது சங்கிலி இழுபடுகிறது. எல்டிபிஇ-யின் நீண்ட தளர்வு நேரங்கள் பத்துக்கணக்கான செகண்டுகள், ஆக 6 செகண்டில் அது பட்ட இழுவையை மறக்காது. வெளியே வந்ததும் பருக்கும். ஆறிய இழையை மைக்ரோமீட்டரில் அளந்து 2.095-ஆல் வகுங்க. இழை தன் எடையிலேயே தொங்கி மெலியும் என்பதால் முதலில் வெளிவந்த நுனிக்குப் பக்கத்தில் அளப்பதுதான் சரி.

அடுத்தது 21.6 கிலோ எடையில் இன்னொரு ரீடிங் எடுத்து, 2.16 கிலோ ரீடிங்கால் வகுப்பது. ஷியர் தின்னிங் அதிகமானால் விகிதம் பெரிதாகும். ஆனால் மூலக்கூறு எடைகள் பரவலாக இருந்தாலும் இந்த விகிதம் ஏறும், அதனால் இதை மட்டும் நம்பிக் கிளை என்று அறிவிக்க முடியாது.

எனக்குப் பிடித்தது மூன்றாவது வழி, வெப்பநிலை. கிளைச் சங்கிலியின் ஓட்டம் வெப்பத்துக்கு அதிகமாக அசைந்துகொடுக்கும். எச்டிபிஇ-யின் ஆக்டிவேஷன் எனர்ஜி மோலுக்கு சுமார் 27 கிலோஜூல், எல்டிபிஇ-யினது சுமார் 50 அல்லது அதற்கு மேல். எம்எஃப்ஐ மெஷினில் ஸ்ட்ரெஸ் மாறாது என்று ஆரம்பத்தில் பார்த்தோமே, அது இங்கே வசதியாகிவிடுகிறது. 190-இல் ஒரு ரீடிங், 210-இல் ஒரு ரீடிங், அதே 2.16 கிலோ. அர்ரீனியஸ் சமன்பாட்டில் கெல்வினில் போட்டால், நேர் சங்கிலி எச்டிபிஇ-க்கு விகிதம் 1.34 பக்கம் வரும், எல்டிபிஇ-க்கு 1.7 பக்கம். எல்எல்டிபிஇ இந்த ரெண்டுக்கும் நடுவே, எச்டிபிஇ-யை ஒட்டி நிற்கும். மறுசுழற்சி சாம்பிளில் முதல் ஓட்டத்துக்கும் அஞ்சாவது ஓட்டத்துக்கும் நடுவே இந்த விகிதம் மேலே நகர்ந்திருந்தால் கிளை விழுந்திருக்க வாய்ப்பு அதிகம். வித்தியாசம் சின்னது என்பதால் ஒவ்வொரு வெப்பநிலையிலும் குறைந்தது மூன்று ரீடிங் எடுங்க, 210-க்கு ஏற்றிய பிறகு பேரல் நிலைப்பட முழுசாக நேரம் விடுங்க, நடுவில் டையைக் கழற்றிச் சுத்தம் செய்ய மறக்காதீங்க.